ஆளுக்கு நாற்பது கிராம்

நாச்சிமுத்துவின் பஸ் தரையை விட்டு எழும்பியது ஆனி மாதம் இருபதாம் தேதி காலையில். அன்று குடிதண்ணீர் திறந்துவிடுகிற நாள் என்பதால் கோவக்காட்டுப்புதூரில் பாதிப்பேர் அதை உடனே பார்க்க வரவில்லை. குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வந்தவர்கள், ஒரு முழ நீளமுள்ள அந்தத் தகர பஸ் அவர் வீட்டு முன்னறையில் காலண்டருக்கும் மின்விசிறிக்கும் நடுவே சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, விசிறியைப் போட்டுவிடாதீர்கள், அடித்துவிடும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அது எதனால் எழும்பியது என்று ஊரில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நறுமுகை ஜெராக்ஸ் வைத்திருக்கிற கோகிலவாணிக்கு. அவளும் நாச்சிமுத்துவும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே மதில், மதிலுக்கு அந்தப்பக்கம் அவருடைய கருவேப்பிலை மரம், இந்தப்பக்கம் இவளுடைய துணிக்கொடி.

நாச்சிமுத்து கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தாறு வருஷமாகத் தகரம் அடிப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சீட்டாடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் கதவைச் சாத்திக்கொண்டு, ஊருக்கு நாலு நடை வந்துபோகிற பொன்வேல் பஸ்ஸையே சின்னதாகச் செய்துகொண்டிருப்பார். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்தப் பஸ்ஸுக்குள் போயிருந்தன. குண்டூசித் தலைகளால் ஆணி, வளையல் துண்டால் விளக்கு, பழைய ரெயின்கோட்டைக் கிழித்து ஜன்னல் படுதா. ஸ்டியரிங் மட்டும்தான் கைக்கு வசப்படவில்லை. அதற்காகத்தான் சித்திரையில் ஒருநாள் பஸ்ஸைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"ஸ்டியரிங் ஒண்ணு மட்டும் அடிச்சுக் குடு அம்மிணி. அளவுக்குப் பஸ்ஸு இங்கயே ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்."

கோகிலவாணியிடம் ஒரு 3டி பிரிண்டர் இருந்தது. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, தேன்கூடு கட்டுகிற மாதிரி வரிவரியாகப் பூசி, கேட்ட சாமானை அச்சு அசலாக எழுப்பித் தருகிற எந்திரம். ஊருக்கு அதனால் நல்ல உபகாரம். மிக்ஸி ஜாருக்கு அடியில் தேய்ந்துபோகிற பல்சக்கரம், குக்கர் பிடி, அடுப்புத் திருகு, எல்லாம் அங்கேதான் அடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங் ஒன்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. வராதது அவள் மகள் நறுமுகை. நாலு வயது நறுமுகை அந்தப் பஸ்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சோறு வேண்டாம் என்றாள், மொட்டை மாடி வேண்டாம் என்றாள், பின்பக்க வாசலுக்குப் பின்னால் தகரத்தில் இருந்த ஒரு சின்ன நசுங்கலில் கட்டைவிரலை வைத்தபடி மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். கோகிலவாணி எதற்கும் மலைக்கிறவள் அல்ல. பிள்ளை தூங்குகிற நேரத்தில் ஸ்கேனரைக் கையில் எடுத்து, பஸ்ஸை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள், அதோடு காரியம் முடிந்தது. பஸ்ஸின் உருவம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி ஒன்று அடித்தாள். நறுமுகை எழுந்து பெரிய பஸ்ஸை விட்டுவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டாள்.

கொசுவலைக் கம்பெனியில் வேலை முடித்து வந்த அவள் புருஷன் கதிரவேல் அதைப் பார்த்துவிட்டு, "அவரைக் கேட்டயா?" என்றான்.

"மணி பிளான்ட்டைக் கேட்டா வாங்கி வெச்சோம்?"

மணி பிளான்ட்டை எவர் வீட்டிலிருந்தாவது தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் படரும், கேட்டு வாங்கினால் அழுகிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் படர்ந்திருப்பது பேங்கு மேனேஜர் வீட்டுக் கொடி, மேனேஜர் வீட்டில் படர்ந்திருப்பது இன்னொருவர் வீட்டுக் கொடி.

நறுமுகையின் பஸ்ஸைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளை அழுதது. அதற்கு ஒன்று. அதைப் பார்த்து அங்கன்வாடியில் ஆறு. பிறகு பெரியவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பாப்பாத்தி அக்கா தயிர்ச்சட்டி மூடியின் மேல் வைக்க ஒன்று வாங்கினாள், பூனை தள்ளமாட்டேன் என்கிறதாம். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, பேப்பர் பறக்காமல் இருக்க, டீக்கடைக் கல்லாவில் அழகுக்கு என்று வைகாசி முடிவதற்குள் முப்பதைத் தாண்டிவிட்டது. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருகிற நாச்சிமுத்துவின் கண்ணில் ஒன்றும் படவில்லை. கோகிலவாணி அவரிடம் கேட்டிருப்பாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. ஒரு பஸ்ஸுக்குப் பன்னிரண்டு கிராம் பிளாஸ்டிக் ஆகும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. அடித்து முடித்துக் கூரியர் தராசில் வைத்தால் ஐம்பத்திரண்டு கிராம் நின்றது. தராசுதான் பழுது என்று அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தாள். சரியாக அரைக்கிலோ காட்டியது. பிள்ளைகள் கையில் நல்ல கனமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனி இருபதாம் தேதி காலை, வார்டு மெம்பர் கேட்டிருந்த நாற்பத்து நாலாவது பஸ் எந்திரத்தில் சூடு ஆறிக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்து பட்டறைக்குப் போகாமல் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நைலான் நூல் இருந்தது. நூலின் மறுமுனையில், அவர் தலைக்கு மேலே, பஸ் நின்றது.

"அம்மிணி, இது ஏன் மெதக்குது?"

கோகிலவாணி பஸ்ஸைப் பார்த்தாள், எந்திரத்தைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். மனக்கணக்கில் அவள் கெட்டிக்காரி.

"நான் எடுத்துட்டேனுங்கண்ணா" என்றாள். "கொஞ்சங் கொஞ்சமா."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சூடு ஆறாத சின்ன பஸ்ஸை எடுத்து, பின்வாசலுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார். "இதுவுமா வந்திருக்குது" என்றார். பிறகு காற்றில்லாத பக்கமாக நூலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலையில் மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து வழக்கமாக வருகிற "சாப்ட்டயா அம்மிணி" வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் பிரசவத்துக்குப் போயிருந்த நாட்களைத் தவிர அது வராத நாள் கிடையாது.

ஊர் அந்தப் பஸ்ஸைப் பழகிக்கொண்டது. கதிரவேல் கம்பெனியிலிருந்து தையல் பிசகிய கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்து, நாச்சிமுத்துவின் கட்டிலுக்கு மேல் கட்டிக் கொடுத்தான்; பஸ் வலைக்குள் நின்றது, அதற்கு அடியில் நாச்சிமுத்து படுத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற மாதிரி ஆட்கள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள், வலையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, யார் ஜாடை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தார்கள். ஒருத்தர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஐந்தாம் வகுப்பை வரிசையாக அழைத்துவந்து காண்பித்து, இது பாடத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது என்று சொல்லித் திரும்ப அழைத்துப் போனார்.

கடையில் பாப்பாத்தி அக்கா ஆதார் கார்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். "பஸ்ஸுக்கு ஸ்கேன் எடுத்தயாமே. எத்தனை மாசம்?"

"அக்கா, நானே நொந்துபோய்க் கெடக்கறேன்."

"நீ எதுக்குடி நோகற? ரவிக்கை அளவு குடுத்தா டெய்லர்காரி நாலு பேருக்கு அதே கையை வெட்டறா. கரூர்ல ஒருத்தன் பஸ்ஸுக்கு வெச்ச மூஞ்சியை அடுத்த வாரம் ஒம்பது பட்டறையில வெக்கறான். அதெல்லாம் மெதக்கவா செய்யுது?"

"இது மெதக்குதேக்கா."

"எங்கூட்டுக்கு வந்தது நாப்பது கிராம்தாண்டி."

எல்லா வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். கோகிலவாணி நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்ச் சின்ன பஸ்களைத் திருப்பிக் கேட்டபோது, எங்களுடையது நாற்பது கிராம்தானே, அதை வைத்து அந்த மனுஷர் என்ன செய்யப்போகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள், அங்கன்வாடியில் சொன்னார்கள், மெம்பர் வீட்டில் காபி கொடுத்துச் சொன்னார்கள். எடுத்தவர்கள் யாரும் நாற்பது கிராமுக்கு மேல் எடுக்கவில்லை, ஆனாலும் நாச்சிமுத்துவின் வீட்டில் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஒரேயொரு வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வலைக்குள் வைத்துப் பார்த்தாள், பஸ் இறங்கவில்லை. உருக்கிப் பார்த்தாள், பன்னிரண்டு கிராம் பிளாஸ்டிக் கட்டி ஐம்பத்திரண்டு கிராமாகவே கிடந்தது. பஸ்ஸுக்குள் கூழாங்கல் போடலாமா என்று கதிரவேலை விட்டுக் கேட்டனுப்பினாள்.

"கல்லைப் போட்டா அது கல்லோட கனம்" என்று சொல்லி அனுப்பினார் நாச்சிமுத்து.

ஆடி பிறக்க ஐந்து நாள் இருந்தது. அந்தப் பக்கத்து ஆடிக்காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மேற்கே கணவாயில் நுழைந்து வருகிற காற்று அடித்தால், துணிக்கொடியில் போட்ட சேலையை அடுத்த ஊரில் போய்ப் பொறுக்கவேண்டியிருக்கும். நாச்சிமுத்துவின் வீடு ஓட்டு வீடு, நாலு பக்கமும் காற்று நுழைகிற சந்து. ஆனி இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஒரு காற்று முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போனபோது, வலை உப்பி, வலை கட்டியிருந்த கட்டிலின் ஒரு கால் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பி இறங்கியதைக் கோகிலவாணி மதிலுக்கு இந்தப்பக்கமிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாச்சிமுத்து எழுந்து கட்டிலின் மேல் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. காற்று அடிக்கிற வரைக்கும் அந்த மனுஷர் கட்டிலை விட்டு இறங்கப்போவதில்லை, காற்று அடிக்கிற அன்றைக்கு உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வழி தெரிந்தது பாப்பாத்தி அக்காவால்தான், அதுவும் ரசம் தாளிக்கப்போய்.

அந்த ஊரில் அடுத்த வீட்டுக் கருவேப்பிலையை யார் வேண்டுமானாலும் கிள்ளலாம். ஆனால் கிள்ளுவதற்கு முன்னால் குரல் கொடுக்கவேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், 'கருவேப்பிலை கிள்ளிக்கறேன்' என்று சத்தமாக ஒருதடவை சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். மணி பிளான்ட்டுக்கு ஒரு சட்டம், கருவேப்பிலைக்கு ஒரு சட்டம், இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. பாப்பாத்தி அக்கா மதிலோரம் வந்து, "நாச்சிமுத்து, கருவேப்பிலை கிள்ளிக்கறேன்" என்றாள்.

"கிள்ளிக்க" என்றது உள்ளேயிருந்து.

கையை நீட்டியவளுக்கு, வாய் திறந்ததோடு அதையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "உன் பஸ்ஸு ஒண்ணு எங்கூட்டுத் தயிர்ச்சட்டி மேல இருக்குது. இருந்துக்கட்டுமா?"

"இருந்துக்கட்டும்."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஜன்னலுக்குள் வலையின் உச்சியில் முட்டிக்கொண்டிருந்த பஸ், யாரோ உள்ளங்கையால் லேசாக அமுக்கிய மாதிரி, ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

அவள் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வார்டு மெம்பர் ஆளுக்கு ஆள் அலைவதை விட்டுவிட்டு முறையாகச் செய்துவிடலாம் என்று ஒரு மனு எழுதி, திருப்பிக் கொடுத்த வீட்டையும் சேர்த்து நாற்பத்து மூன்று கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, அவள் கடையிலேயே இரண்டு பிரதி எடுத்து, நாச்சிமுத்துவிடம் நீட்டினார். நாச்சிமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், எல்லாரும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். பஸ் அசையவில்லை. மெம்பர் மனுவின் பிரதியை வலையைப் பார்த்துக் காண்பித்தார். அப்போதும் அசையவில்லை.

பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். மதிலோரம் நின்று, கருவேப்பிலைக்குக் கேட்கிற குரலிலேயே கேட்டார்கள். டீக்கடைக்காரர் கேட்டபோது இறங்கியது, அங்கன்வாடி டீச்சர் ஆறு பிள்ளைகளையும் கொண்டுவந்து ஆறு குரலில் கேட்கவைத்தபோது ஆறு தடவை இறங்கியது, முனகிக்கொண்டே கேட்ட ஒருத்தருக்கு இறங்காமல் இருந்து, அவர் வீட்டுக்குப் போய் யோசித்து மறுபடி வந்து கேட்டபோது இறங்கியது. கணக்குப்படி பார்த்தால் முதல் ஆள் கேட்டதுமே தரையைத் தொட்டிருக்கவேண்டும் என்று வாத்தியார் சொன்னார். பஸ் கணக்குப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவும் வாய்க்கு வந்தபடி 'சரி' சொல்லிவிடவில்லை. சிலரிடம் எதற்கு என்று கேட்டார், சிலருக்குச் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கடைசியாக மெம்பர், கையில் காகிதம் எதுவும் இல்லாமல் வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்று ஆனி முப்பத்தொன்று. வலைக்குள் பஸ் கட்டிலுக்கு மேலே நாலு விரற்கடையில் நின்றது. மேற்கே தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன.

பாக்கி இருந்தது கோகிலவாணி மட்டும்தான். அவள் மதிலோரம் நிற்கவில்லை. நறுமுகை தூங்கியதும் அதன் கையிலிருந்த பஸ்ஸை உருவிக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். அவர் மாட்டேன் என்று சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவது, பிள்ளைக்குப் பிறகு என்னத்தையாவது சொல்லிக்கொள்வது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். "அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நெனைக்கறயா?"

"மாட்டீங்க."

"மாட்டேன்." வலைக்குள் கையை விட்டு, பஸ்ஸின் பின்வாசலுக்குப் பின்னால் தொட்டார். "இது எங்கைல ஆனது. அந்தப் பொன்வேல் பஸ்ஸு எங்க பட்டறையிலதான் பாடி கட்டுனது. இந்தத் தகரத்தை அடிக்கறப்ப சுத்தி வழுக்கிருச்சு. பெயின்ட்டுல மறைஞ்சுரும், அனுப்புய்யான்னுட்டாங்க. மறையல. தெனமும் எங்கண்ணு முன்னால போகுது, வருது. அதைய மறைச்சுப் பண்ணுனா அந்தப் பஸ்ஸா இருக்காதேன்னு இதுலயும் அடிச்சேன். அதனாலதான் யாருக்கும் காட்டாம கதவைச் சாத்தி வெச்சிருந்தேன். நீ அதைய நாப்பத்து நாலு வீட்டுல கொண்டுபோய் வெச்சிருக்கற."

கோகிலவாணி உள்ளதைச் சொன்னாள். "பாப்பா அதுலதானுங்கண்ணா பெருவெரலை வெச்சுக்கிட்டுத் தூங்குது. அதுக்கு இன்னும் பேரு தெரியாது. 'பஸ்ஸு தொப்புள்'ங்குது."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே வைப்பது என்று தேடுகிறவர் மாதிரி ஓட்டைப் பார்த்தார்.

"இப்பக் கேக்கறேன்" என்றாள் அவள். "பாப்பாவுக்கு இது ஒண்ணு. அப்பறம் கம்ப்யூட்டர்ல அதோட உருவம் ஒண்ணு இருக்குது. இல்லேன்னாலும் சரிங்கண்ணா."

"பாப்பாவோடது பாப்பாவுக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கறது வேண்டாம்."

அவள் கடைக்குப் போய் அதை அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலும் அழித்தாள். எழுந்து விளக்கை அணைக்கப்போனவள், ஒரு நிமிஷம் நின்று, மேஜை டிராயரைத் திறந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தது உள்ளே கிடந்தது, கதிரவேலுக்குக்கூடத் தெரியாது. மறுபடி உட்கார்ந்து அதையும் அழித்தாள்.

திரும்பி வந்தபோது பஸ் கட்டிலின் மேல் நாலு சக்கரமும் பதிய நின்றுகொண்டிருந்தது. வெளியே ஆடிக்காற்று வந்து ஓடுகளைத் தடதடவென்று ஆட்டியது, வலை உப்பியது, கட்டில் எழும்பவில்லை.

"பென்டிரைவ்ல வேற வெச்சிருந்தயா?" என்றார் நாச்சிமுத்து.

"எப்படிங்கண்ணா தெரியும்?"

"பாதி எறங்கி நின்னுச்சு. அப்பறம் கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் மீதி எறங்குச்சு."

காலையில், "சாப்ட்டயா அம்மிணி" என்ற குரல் மதிலைத் தாண்டி வந்தது. அவள் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்றாள். அவர் பஸ்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்து, எதற்கும் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று தராசில் வைத்தார். ஆயிரத்து எழுநூற்று அறுபது கிராம், ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கோகிலவாணிக்கு மூச்சு வந்தது. நாச்சிமுத்துவின் முகம்தான் சரியாக இல்லை.

"இதுக்கு நான் போட்ட தகரம், பலகை, ஸ்பிரிங்கு எல்லாஞ் சேத்து எண்ணூறு கிராம்தான் அம்மிணி" என்றார். "பட்டறைத் தராசுல நானே நிறுத்து எடுத்துட்டு வந்தது."

மீதித் தொள்ளாயிரத்து அறுபது கிராம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேரும் தராசைப் பார்த்தார்கள். வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. பொன்வேல் பஸ் வழக்கமான தாமதத்தோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து எதிரே நின்றது, பின்வாசலுக்குப் பின்னால் அந்த நசுங்கலோடு. எட்டு டன் பஸ்ஸில் ஒரு கிலோ குறைந்தால் யாருக்குத் தெரியும்.

நாச்சிமுத்து ரோட்டைக் கடந்து போனார். கோகிலவாணியும் பின்னாலேயே போனாள். டிரைவர் துரைசாமி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "ஏறுங்க நாச்சிமுத்து, ஏற்கெனவே லேட்டு" என்றார்.

"இன்னிக்கு ஏறல துரைசாமி. ஒண்ணு கேக்கணும்." அவர் துண்டை விலக்கினார். "உங்க பஸ்ஸைப் பார்த்து இதைய நான் பண்ணி வெச்சிருக்கறேன். நாலு வருஷமாச்சு. கேக்காமப் பண்ணிட்டேன். நானே வெச்சுக்கட்டுமா?"

டிரைவரைப் பார்த்துத்தான் கேட்டாரா, நசுங்கிய தகரத்தைப் பார்த்துக் கேட்டாரா என்று கோகிலவாணிக்குச் சரியாகத் தெரியவில்லை. துரைசாமி எட்டிப் பார்த்தார். ஜன்னல் படுதாவைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், தன்னுடைய ஸ்டியரிங்கை ஒருதடவை பார்த்துக்கொண்டார்.

"வெச்சுக்கங்க. நல்லாத்தான் இருக்குது" என்று கியரைப் போட்டார்.

பஸ் கிளம்புவதற்கு முன்னால், பின்பக்கமாக, ஒரு ஆள் கால் வைத்து ஏறிய மாதிரி மெள்ள ஒருதடவை தாழ்ந்து நிமிர்ந்தது. முன்வாசலில் நின்றுகொண்டிருந்த கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பின்னால் திரும்பி, டிக்கெட் வாங்காமல் இப்போது ஏறியது யார் என்று கேட்டார்.